குலசையில் ரொட்டி சால்னா

குலசேகரன்பட்டினத்தில் எங்கே சாப்பிடலாம் என்று திருச்செந்தூரில் விசாரித்தால், "அங்க என்ன அண்ணாச்சி இருக்கு, இங்கயே சாப்பிட்டுட்டுப் போயிருங்க" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டாம். வயிற்றைக் காலியாகவே வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். குலசையில் நான் தேடிப் போவது கண்ணாடிக் கதவும் படம் போட்ட மெனு அட்டையும் உள்ள உணவகத்தை அல்ல. விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்பு மூட்டி, சட்டி காலியானதும் அணைத்துவிடுகிற ரொட்டிக் கடையை. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பரோட்டாவை ரொட்டி என்றுதான் கேட்பார்கள். சால்னா தானாக வரும்.

தூத்துக்குடியிலிருந்து கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலில் உப்பளங்களுக்கு நடுவே போகிறது. முள்ளக்காடு, பழையகாயல் வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்கள். முக்காணி தாண்டித் தாமிரபரணிப் பாலத்தில் ஏறியதும் காட்சி மாறிவிடும். வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கால் தண்ணீர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கரையில் கறிச் சாப்பாட்டை முடித்து வைப்பது அந்த வெற்றிலைதான். ஆறுமுகநேரியில் மறுபடியும் உப்பு. பிறகு காயல்பட்டினம், திருச்செந்தூர். அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பனைமரமும் செம்மண் தேரியுமாகப் போனால் குலசை. உப்பு, வாழையிலை, வெற்றிலை, பனை என்று ஒரு சாப்பாட்டுக்கு வேண்டியதில் பாதி வழியிலேயே விளைகிறது.

ஊர் பழைய துறைமுகம். பெயர் குலசேகர பாண்டியனைச் சொல்கிறது. அந்தப் பாண்டியன் காலத்தில்தான் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயலில் வந்து நின்றதை எழுதிவைத்தார். குதிரையோடு வந்தவர்கள் மாதக்கணக்கில் காற்று திரும்பக் காத்திருந்தார்கள். சிலர் இங்கேயே பெண் எடுத்துத் தங்கினார்கள். பின்னாளில் கொழும்புக்குத் தோணி போனது. உப்பு இலாகா வந்தது. கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையும், அதற்காகத் திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் ஓடிய குட்டி ரயிலும் இந்த ஊரில் இருந்தன. அந்த ரயில் 1940 வாக்கில் நின்றுபோயிற்று. 1942 செப்டம்பரில் ஆகஸ்ட் போராட்டக்காரர்கள் இங்குள்ள உப்பு அலுவலகத்துக்குள் புகுந்தபோது நடந்த மோதலில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு அது குறைக்கப்பட்டது. குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாக வருவது இதுதான்.

சாப்பாட்டுக் கட்டுரையில் இது எதற்கு என்றால், துறைமுகத்துக் கூலியாள், தோணிக்காரர், அளத்துத் தொழிலாளி, பனையேறி எல்லோருக்கும் இரவில் சூடாக ஏதாவது வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகமுடியாத ஆட்கள் சேர்ந்த ஊரில் மலிவான சாப்பாட்டுக் கடை கட்டாயம் இருக்கும். தூத்துக்குடியில் இரவில் மட்டும் நடக்கும் ரொட்டிக் கடைகளுக்கு நைட் கிளப் என்றே பலகை மாட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். துறைமுகம், உப்பு, மீன் என்று ராத்திரி பகல் பாராத வேலைகள் அந்தக் கடைகளை வளர்த்தன. குலசைக் கடையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அளவில் சின்னது, அவ்வளவே.

நான் போகும் கடைக்குப் பலகை கிடையாது. கடைத்தெருவில் ஓட்டுச் சாய்ப்பு, முன்னால் கல், உள்ளே நாலு மேசை. கைகழுவ வாசலில் தண்ணீர் டிரம். மேசையில் எவர்சில்வர் தம்ளரும் தண்ணீர் ஜக்கும் தவிர வேறொன்றுமில்லை. முதலாளிக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். கல்லாவில் உட்காரமாட்டார், கல்லில்தான் நிற்பார். நாங்கள் பாய் என்போம், அவருடைய ஜமாஅத்துப் பையன்கள் காக்கா என்பார்கள். "வாங்க அண்ணாச்சி, எப்ப வந்திய? உக்காருங்க, மொதக் கல்லு இப்பத்தான் போட்டேன்" என்பதோடு வரவேற்பு முடிந்தது. என்ன இருக்கிறது என்று யாரும் ஒப்பிப்பதில்லை. ரொட்டி, ஆட்டுக்கறி சால்னா, சுக்கா, முட்டை. ஆடு வாங்கின நாளில் ஈரலோ குடலோ இருக்கும். இல்லையென்றால் இல்லை.

மாவுப் பலகையை ஒட்டிய பெஞ்சுதான் நல்ல இடம். மத்தியானம் பிசைந்த மைதா, உப்பும் கொஞ்சம் சீனியும் எண்ணெயும் வாங்கி, ஈரத்துணிக்கு அடியில் உருண்டை உருண்டையாக ஊறிக்கொண்டிருக்கும். இந்த ஊறலில்தான் எல்லாமே. பிசைந்த கையோடு மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி சுருங்கும், அல்லது கிழியும். ஓரிரண்டு மணி நேரம் எண்ணெயில் கிடந்தால் உள்ளே இருக்கும் குளூட்டன் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். பாய் ஓர் உருண்டையை உள்ளங்கையால் தட்டி, விளிம்பைப் பிடித்துப் பலகையில் வீசுவார். மூன்றாவது வீச்சில் மாவு கண்ணாடித்தாள் போலாகி, பலகையின் மரக்கோடுகள் அதன் வழியாகத் தெரியும். எண்ணெயை விரலால் தெளித்து, கொசுவம் வைப்பதுபோல மடித்து, நத்தைக் கூடாகச் சுருட்டி ஓரமாக வைப்பார். உடனே கல்லில் போடமாட்டார். சுருட்டியதும் கொஞ்ச நேரம் இளைப்பாற வேண்டும். கடைசியில் நாலைந்து ரொட்டிகளை அடுக்கி, வெறுங்கையால் இரு பக்கமும் ஓர் அடி. அந்த அடியில்தான் இதழ் இதழாகப் பிரிகிறது. அடிக்காத ரொட்டியை இலையில் வைக்கிற கடையில் நான் இரண்டாவது கேட்பதில்லை.

சால்னாவைப் பற்றிப் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. அது மிச்சக் குழம்பு இல்லை. எலும்பும் கொழுப்பும் சேர்ந்து வெந்த தண்ணீரில் சோம்பு, பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி, பிறகு தேங்காயும் கசகசாவும் பொட்டுக்கடலையும் அரைத்த விழுது. ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மேலே ஊற்றினால் ஒவ்வோர் இதழுக்கும் இறங்கவேண்டும், ஆனால் கூழாகக் கரைத்துவிடக் கூடாது. ஆகவே கெட்டியாகவும் கூடாது, தண்ணியாகவும் கூடாது. பாய் கரண்டியைத் தூக்கி ஊற்றிப் பார்ப்பார். விழுகிற சத்தத்திலேயே அவருக்குப் பக்குவம் தெரிந்துவிடும்.

அன்று கூட்டம் குறைவு. இரண்டாவது கல் எடுத்தபின் பேச நேரம் கிடைத்தது. துபாயில் நெடுங்காலம் இருந்தவர் அவர். இந்தக் கரையில் குடும்பத்துக்கு ஒருவராவது வளைகுடாவைப் பார்த்திருப்பார்கள். "அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க போவிய?" என்று கேட்டேன்.

"சத்வாதான். ராவி."

துபாயில் இருந்த தமிழர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். சத்வா பகுதியில் 1978இல் தொடங்கிய பாகிஸ்தானியச் சாப்பாட்டுக் கடை. லாகூரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர். டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் என்று ஆரம்பித்த கடை, இன்றும் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பின்னிரவு வரை பரிமாறுகிறது. தந்தூரில் சுட்ட ரொட்டி, பருப்பு, ஆட்டுக்கறி, நிஹாரி, பச்சை வெங்காயம். வானுயரக் கட்டடங்கள் எழுந்த நகரத்தில் அந்தக் கடை தன் உருவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2022இல் அடிடாஸ் நிறுவனம் அதன் பெயரில் ஒரு காலணியே வெளியிட்டது. உலகம் அதைக் கொண்டாடியது அப்போதுதான். பாய்க்கு அது அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே தெரியும்.

"பெசாவர்க்காரன், வங்காளத்தான், மலையாளி, நம்ம ஆளு எல்லாரும் ஒரே மேசைல உக்காருவோம் அண்ணாச்சி. டிவில கிரிக்கெட்டு ஓடும். இந்தியா பாகிஸ்தான் மேட்சு அன்னைக்கும் ஒரு சண்ட வந்ததில்ல. ரொட்டி வர லேட்டானாத்தான் சண்ட." சிரித்துக்கொண்டே மாவை வீசினார். "அங்க பார்த்துப் படிச்சது ஒண்ணுதான். சாமான் கம்மியா வை. இருக்கிறத நல்லா வை. தீர்ந்துட்டா கடைய மூடு."

நிஹாரியைப் பற்றிக் கேட்டதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாட்டின் கால்சதையையும் நல்லி எலும்பையும் சாயங்காலமே அண்டாவில் ஏற்றி, ராத்திரி முழுக்கச் சிறுதீயில் வைத்து, காலைத் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்குப் பரிமாறுகிற குழம்பு அது. பழைய தில்லியின் பண்டம். உடலால் உழைப்பவர்களுக்கு அது காலை உணவு, மத்தியானம் வரை பசிக்காது. 1947இல் தில்லியிலிருந்து கராச்சிக்குப் போன குடும்பங்கள் அதைக் கூடவே கொண்டுபோயின. கராச்சியின் பர்ன்ஸ் ரோடு அந்தக் குடும்பங்களின் சமையலால் பெயர் பெற்ற தெரு. பழைய கடைகள் சிலவற்றில் நேற்றைய குழம்பில் கொஞ்சம் எடுத்து வைத்து இன்றைய அண்டாவில் சேர்ப்பார்கள், ருசி அறுந்துபோகாமல் இருக்க. நிஹாரியைக் கெட்டிப்படுத்துவது கரைத்து ஊற்றிய கோதுமை மாவு. நம் சால்னாவில் அந்த வேலையைத் தேங்காயும் பொட்டுக்கடலையும் செய்கின்றன. கோதுமை விளையும் நாட்டில் கோதுமை, தென்னை நிற்கும் கரையில் தேங்காய். எலும்பிலிருந்து சத்தை இறக்கி, கறி வாங்க வசதியில்லாதவனுக்கும் கறியின் ருசியைக் கொடுக்கும் யோசனை இரண்டுக்கும் ஒன்றுதான். கராச்சியில் மதராசி பாரா என்ற குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன, மாரியம்மன் கோயிலும் வைத்திருக்கின்றன. முத்தாரம்மன் கோயில் கொண்ட குலசையில் உட்கார்ந்து இதைச் சொன்னதும் பாய் ஆச்சரியப்பட்டார். "அப்ப அங்கயும் கொடை உண்டுமா?" என்று கேட்டார்.

எளிய கடையை ஏழைகளின் கடை என்று இரக்கத்தோடு பேசுவது எனக்குப் பிடிக்காது. நல்ல சாப்பாட்டுக்கு என்னென்ன வேண்டுமோ அவை இங்கே தாமாக அமைந்துவிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் கறி இன்றைய கறி. பண்டம் நாலே நாலு என்பதால் சமைப்பவர் கை பழகிவிட்டது. அடுப்பு வாசலிலேயே இருப்பதால் எண்ணெயின் நிறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நேற்று சாப்பிட்டவனே இன்றும் வருவதால் ஏமாற்றவும் வழியில்லை. கொழும்பு காலி வீதியில் பின்னிரவில் கொத்து ரொட்டி போடும் கடைகளிலும், செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் ரஹ்மத் கடையிலும் கூட்டம் நிற்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

குறையும் சொல்லவேண்டும். மைதாவும் எண்ணெயும் தினசரி உணவாகக் கூடாது. வாரம் ஒருநாள் போதும். இந்தச் சாலையில் சில கடைகள் பொரித்த கோழிக்குச் சிவப்புச் சாயம் போடுகின்றன, அதைத் தொடாதீர்கள். கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவது எனக்கு வயிறு எரிகிற விஷயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அப்படிப்பட்ட பைகளுக்குத் தடை. ஆனாலும் பார்சலில் அவை இன்னும் வருகின்றன. பாயின் கடையில் தூக்குச்சட்டி கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். அதட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

காயல்பட்டினத்தைச் சொல்லாமல் இந்தக் கரைச் சாப்பாட்டைப் பேசமுடியாது. அங்கே கல்யாண வீட்டில் களரிச் சாப்பாடு. நெய்ச்சோறு, களரிக்கறி, கத்தரிக்காய் போட்ட பருப்பு. பெரிய தட்டில், சஹன் என்பார்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரே சோற்றைப் பகிர்ந்து தின்பார்கள். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கறியை உங்கள் பக்கமாகத் தள்ளிவிடுவார். தம்மடை போன்ற இனிப்புகளும் அங்கே உண்டு. ஆனால் அதெல்லாம் வீட்டுச் சமையல், அழைப்பு வேண்டும். அழைப்பு இல்லாமல், ஊர் பேர் கேட்காமல் யாருக்கும் இலை போடுவது கடைதான். அதனால்தான் எனக்குக் கடை மேல் இத்தனை பிரியம்.

குலசையில் இதைத் தசராவின்போது பார்க்கவேண்டும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, நாற்பது நாளுக்கு மேலும் விரதம் இருந்து, காளியாகவும் குறவன் குறத்தியாகவும் ராஜாவாகவும் போலீசாகவும் வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வந்து சேர்கிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் அம்மன் மகிஷாசுரனை வதம் செய்கிறாள். லட்சக்கணக்கில் கூட்டம். "அப்ப கறி உண்டா பாய்?" என்றேன். "மாலைபோட்ட சனம் வருமே, எப்படிப் போடுவேன்? கல்லத் தேச்சுக் கழுவி, இட்லியும் தோசையும் மட்டுந்தான். காளி வேசம் போட்டவுக வந்து ரெண்டு கையையும் நீட்டினா, மொதல்ல காணிக்கை, பொறவு தண்ணி" என்றார். இதை ஒரு பெருமையாக அவர் சொல்லவில்லை. அவருடைய வாப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம். சாப்பிட்டு முடித்த முதியவர் ஒருவர், வேடம் கட்டுகிற குடும்பத்துக்காரர், கைகழுவிக்கொண்டே "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்.

இப்போது ஊருக்கு வேறொரு கூட்டம் வரப்போகிறது. மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி கிராமங்களில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து இஸ்ரோ தன் இரண்டாவது ஏவுதளத்தைக் கட்டுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். சிறிய செயற்கைக்கோள்களைத் துருவப் பாதைக்கு அனுப்பும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகள் இங்கிருந்து புறப்படும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே அனுப்பினால் இலங்கையைச் சுற்றிப் போகவேண்டும், எரிபொருள் வீணாகும். குலசைக்குத் தெற்கே திறந்த கடல். குதிரைக் கப்பல் வந்த கரையிலிருந்து ராக்கெட் கிளம்புவதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. பாய்க்கும்தான். "எஞ்சினியர் பையங்க ராத்திரி எங்க போவாங்க? இங்கதான வரணும்" என்கிறார்.

எனக்கு அந்த நம்பிக்கை பாதிதான் இருக்கிறது. சாலை அகலமாகும்போது முதலில் போவது சாய்ப்புக் கடை. இடத்து வாடகை ஏறும்போது முதலில் மூடுவது நாலு மேசைக் கடை. அந்த இடத்தில் உலகத்தின் எல்லாப் பண்டமும் கிடைக்கும் என்று பலகை போட்ட ஓர் உணவகம் வரும். அங்கே எதுவும் நன்றாக இருக்காது. இப்படி மாறிப்போன ஊர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் திட்டம் தீட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏவுதளத்துக்கு வழி போடும்போது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வாய்க்காலும் வைத்து, குறைந்த வாடகையில், இப்போது தொழில் செய்கிறவர்களுக்கே கடைகள் ஒதுக்குங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்த நாம், அந்தக் கருப்பட்டியில் சுக்குக்காப்பி போட்டு விற்கும் பெட்டிக்கடையையும் சேர்த்துக் காப்பாற்றவேண்டும்.

மற்றவர்களுக்கு: திருச்செந்தூரிலிருந்து குலசைக்குப் பஸ் உண்டு. பகலில் மணப்பாடு போய்க் குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவைக் கோயிலையும், சவேரியார் தங்கிய குகையையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் நேரம் சரியாக இருக்கும். ஏழு மணிக்கெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள். ரொட்டியை நீங்களே பிய்த்துப் போட்டு, சால்னாவை இரண்டு முறை கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். வீட்டுக்கு வேண்டுமென்றால் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். ஒன்பதரைக்கு மேல் போனால் ஒன்றும் இருக்காது.